ஆளுக்கு ஒரு பை போதும் என்ற மாப்பிள்ளைக்கு

அன்பும் அமைதியும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. அது உங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான், கவலைப்பட வேண்டாம். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தி வாலுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு எதற்குக் கடிதம், போனில் சொன்னால் ஆகாதா என்று உங்களுக்குத் தோன்றும். மாப்பிள்ளை, ஆறு வருடமாக நாம் இருவரும் போனில் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு தபால் அட்டையில் பாதி காலியாகக் கிடக்கும். "மாமா, சாப்டீங்களா?" "ஆச்சு மாப்பிள்ளை, நீங்க?" "ஆச்சு மாமா." அதற்குமேல் போனை நீங்கள் என் மகளிடம் கொடுத்துவிடுவீர்கள், நான் உங்கள் அத்தையிடம் கொடுத்துவிடுவேன். இது அப்படிக் கைமாற்றிவிடக்கூடிய விஷயம் இல்லை.

வருகிற சனிக்கிழமை ஏரிக்கரைக் காட்டில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தீர்கள். நாங்கள் வரவில்லை. இதோடு நிறுத்தினால் கோபித்துக்கொண்டதுபோல் இருக்கும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லாம் நீங்கள் அனுப்பிய ஒரு வரியில் ஆரம்பித்தது. "மாமா, ஆளுக்கு ஒரு பை போதும், மத்தது நான் பாத்துக்கறேன்." லிஃப்ட் பழுது பார்க்கிற உங்களுக்கு எத்தனை பேர், எவ்வளவு எடை என்று இரண்டே கணக்கு. நான் அப்படியா? காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் குப்பை கொட்டியவன். மனிதன் எப்படியெல்லாம் விழுவான், எதிலெல்லாம் மாட்டுவான், எங்கெல்லாம் தீப்பிடிப்பான் என்று கோப்பு கோப்பாகப் படித்தவன். கூடாரக் கயிறு தடுக்கி இரண்டு பல் போனவரின் மனுவில் கையெழுத்துப் போட்டதே நான்தான். அதனால் கயிறுகளில் கட்டுவதற்கு வெள்ளைத் துணிப் பட்டைகள் பன்னிரண்டு கிழித்து வைத்தேன் (உங்கள் அத்தையின் நல்ல தலையணை உறை என்பது பிறகுதான் தெரிந்தது). ஆளுக்கொரு டார்ச், டார்ச்சுக்கு மாற்று பேட்டரி, யாராவது வழி தவறினால் ஊத ஆளுக்கொரு விசில். வாலுவின் விசிலை மட்டும் ஞாயிற்றுக்கிழமையே கொடுத்து ஒத்திகை பார்த்தேன், மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ரொம்ப மரியாதையாக, "எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் தார்ப்பாய், அதற்கு மேலே போட இன்னொரு தார்ப்பாய், கொசுவலை, குடை மூன்று, முதலுதவிப் பெட்டி, வெந்நீர்ப் பை, வாளி, முழங்காலுக்காக மடக்கு நாற்காலி இரண்டு. நீங்கள் ஸ்லீப்பிங் பேக் தருவதாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு பைக்குள் படுத்து, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டால், நடுவில் எழுந்திருக்க நினைக்கிறவன் கதி என்ன? ஆகவே இரண்டு மெத்தை.

எல்லாவற்றையும் கூடத்தில் குவித்து, குளியலறை எடை மெஷினில் ஒவ்வொன்றாக வைத்துக் கூட்டினேன். எண்பத்து நான்கு கிலோ. உங்கள் அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"ஏங்க, நாம ரெண்டு நாள் தங்கப் போறமா, இல்ல குடி போறமா?"

"எது வேண்டாம்னு சொல்லு, எடுத்துடறேன்."

"முதல்ல நீங்க வேண்டாம். உங்களை எடுத்துட்டா மத்ததெல்லாம் தானா குறைஞ்சிடும்."

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, போன மாதமே புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள் போட்டு நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதமாக ஆஸ்பத்திரியும் வீடும் தவிர எங்கும் போகாதவள். இந்தப் பயணத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவள் சொல்லமாட்டாள். அந்தச் செருப்புச் சத்தம்தான் சொன்னது. அதனால்தான் எனக்குப் பயமே அதிகமாயிற்று என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் கூடாரத்துக்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. போன மாதம் நீங்கள்தான் "இங்க இருக்கட்டும் மாமா" என்று கூடாரத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தீர்களே. நேற்று, புதன்கிழமை மத்தியானம், சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூடத்திலேயே விரித்தேன். டைல்ஸ் தரையில் முளை அடிக்க முடியாது. ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியிலும், ஒன்றைச் சோபாக் காலிலும், ஒன்றை ஃபிரிட்ஜ் கைப்பிடியிலும், கடைசிக் கயிற்றைக் குளியலறைக் கதவின் கைப்பிடியிலும் கட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, கூடாரம் ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றது. சாமான்களை எல்லாம் உள்ளே ஏற்றினேன். அடங்கின. மனிதர்கள்தான் அடங்கவில்லை. "இங்க உக்காந்து பாரு, கால் நீட்ட முடியுதானு" என்று உங்கள் அத்தையை உள்ளே அனுப்பி, நானும் ஒரு நாற்காலியோடு பின்னால் நுழைந்து, முறைப்படி ஜிப்பைப் போட்டேன். போர்வை நுனி ஜிப்பில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே அடைபட்டோம், மாப்பிள்ளை.

முதல் ஐந்து நிமிடம் உங்கள் அத்தை பேசியதை எழுத முடியாது. அப்புறம் மெத்தைமேல் சாய்ந்துகொண்டு, ரொம்ப நேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "கல்யாணமான புதுசுல ஒரு சீப்பையும் கைக்குட்டையையும் எடுத்துக்கிட்டு ஊர் சுத்துன மனுசன்தானே நீங்க? எப்போலேர்ந்துங்க இப்படி ஆனீங்க?"

பதில் எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கூடாரத்துக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது மறைக்க இடமில்லாமல் சொல்லிவிட்டேன். உங்கள் மனைவிக்கு அப்போது ஏழு வயது. நானும் அவளும் மட்டும் ஓர் ஆற்றங்கரைக்குப் போயிருந்தோம். குளவி கொட்டி முகமெல்லாம் வீங்கி, குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. என்னிடம் அந்தச் சீப்பும் கைக்குட்டையும் தவிர ஒன்றுமில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஓட்டம் முழுக்க, பையில் ஒரு மாத்திரை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அன்றிலிருந்து நான் வெறுங்கையோடு வெளியே போனதில்லை.

உங்கள் அத்தை என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு, "அவளுக்கு அது ஞாபகம் இருக்கானு கேளுங்களேன். போன் பையிலதான இருக்கு? அப்படியே வந்து இந்த ஜிப்பையும் திறக்கச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டேன். "குளவி கொட்டுச்சே, அன்னிக்கா?" என்றாள் மகள். "வீங்கினதெல்லாம் ஞாபகம் இல்லப்பா. நீங்க என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினீங்க. வலிக்கிறப்பல்லாம் என் காதைத் திருகுன்னு சொன்னீங்க. நான் வழி முழுக்க திருகிக்கிட்டே வந்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் ஆடு மாதிரி கத்தினீங்க. சிரிப்பு சிரிப்பா வந்துச்சு. ஏம்ப்பா, இப்போ எதுக்கு? எங்க இருக்கீங்க, குரல் எங்கேயோ டப்பாக்குள்ளேர்ந்து வருது?"

எனக்கு ஆடு ஞாபகமே இல்லை, மாப்பிள்ளை. இருபத்தைந்து வருடமாக அந்த நாளைச் சுமக்கிறேன், அதில் ஆடு இருந்தது எனக்குத் தெரியாது. ஜிப்பைத் திறக்க அவளை வரச் சொல்வதற்குள், சமையலறைக் குழாயைப் பார்க்கச் சொல்லியிருந்த பிளம்பர், சும்மா சாத்தியிருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"கூடாரத்துல."

"ஏன் சார், கூரை ஒழுகுதா?"

உள்ளே உங்கள் அத்தை மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். "அதெல்லாம் இல்லப்பா, ஜிப்பு மாட்டிக்கிச்சு, திறந்துவிடுங்க" என்றேன். நல்ல மனிதர். "இருங்க, கொஞ்சம் சோப்பு தடவினா வந்துரும்" என்று சொல்லி, சோப்பு எடுக்கக் குளியலறைக் கதவை உள்ளே தள்ளினார். அந்தக் கதவின் கைப்பிடியில்தான் கடைசிக் கயிறு கட்டியிருந்தது. கதவு உள்ளே போனது, கயிறு விறைத்தது, ஃபிரிட்ஜ் திறந்துகொண்டது, கூடாரம் எங்கள் தலைமேல் இறங்கியது. ஒருவழியாக அவர் சோப்பு தடவி எங்களை வெளியே எடுத்தார். குழாயைப் பார்க்க நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இவ்வளவும் சிரிக்கத்தான். இப்போது எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். கூடாரத்தை மடிக்கும்போது பார்த்தேன்: பின்பக்கம், தையலோரமாக, ஒரு முழம் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. முப்பத்தோரு வருட அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், கிழிசல் புதியது, இழுப்பு உள்ளேயிருந்து வந்தது, காரணம் என் மடக்கு நாற்காலியின் கால். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நீங்கள் வைத்திருக்கும் கூடாரம் அது, நாள் முழுக்க லிஃப்ட் கூண்டுக்குள் நிற்கிற மனிதருக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக நீங்களாகவே எங்களை ஓரிடத்துக்குக் கூப்பிட்டீர்கள். நான் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள்ளேயே அதைக் கிழித்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. நீங்கள் மூவரும் யாரிடமாவது வேறு கூடாரம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போய் வாருங்கள். அத்தைக்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மகளிடம் என் முழங்காலின்மேல் பழியைப் போட்டுவிடுங்கள், அது தாங்கும்.

உங்கள் கைகளுக்கும் கால்களுக்கும் கயிறுகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வாலுவுக்கு என் முத்தங்கள். உங்கள் பெற்றோருக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் வாத்சல்யத்தோடும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது நீங்களே வந்து நின்றீர்கள். கிழிந்த பக்கம் மேலே தெரியும்படி கூடாரம் சோபாவில் கிடந்தது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், முகம் சிவந்து போயிற்று. பிறகு, ஆறு வருடத்தில் நீங்கள் பேசிய மிக நீளமான பேச்சைப் பேசினீர்கள். "மன்னிச்சுக்கங்க மாமா. இதை நான் போன தடவை போனப்பவே கிழிச்சுட்டேன். அத்தை நல்லா தைப்பாங்களே, தைச்சுத் தரச் சொல்லலாம்னுதான் இங்க கொண்டாந்து வெச்சேன். உடம்பு சரியில்லாதவங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வாய் வரல. தைக்காமயே கூப்பிட்டதும் தப்புதான்." முப்பத்தோரு வருடமாக நான் எத்தனை பேருடைய மனுவில் இப்படி உறுதியாகக் கையெழுத்துப் போட்டேனோ! அது கிடக்கட்டும். இப்போது உள்ளறையில் அத்தை கூடாரத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் நாலாவது தடவையாக நூலை எச்சில் தொட்டுக் கூராக்குவது இங்கிருந்து தெரிகிறது. அவள் உங்களைத் திட்டுகிறாள், என்னைத் திட்டுகிற அதே குரலில். நாங்கள் வருகிறோம், மாப்பிள்ளை. இதைக் கையிலேயே கொடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நானே நூல் கோத்துத் தருகிறேன்.