அடைப்பு எனக்கு அல்ல, கோழிக்கு

திண்டிவனம்
டிசம்பர் 18

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ஜெகதீசன் அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து இருதயராஜ் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் லூர்துமேரியும் நலம். ‘நலம்’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன், காரணம் கீழே வரும். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாளும், அறுவடைக்கு நிற்கும் நெல்லும், விதைக்கப்போகும் மல்லாட்டைக் கடலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகப்போகிறது. என் போன் நம்பர் உங்களிடம் இல்லை, உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. மாப்பிள்ளை ரஞ்சித்திடம் கேட்டால் ஒரு நொடியில் அனுப்பிவிடுவார், ஆனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. விழுப்புரம் ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தொரு வருடம் பிறத்தியார் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவன் நான். உங்கள் தெருவின் பின்கோடு எனக்கு மனப்பாடம். எனவே கடிதமாகவே எழுதுகிறேன். கை பரபரக்கிறது, எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். பிள்ளைகள் கனடாவிலிருந்து 22ஆம் தேதி வருகிறார்கள். கிறிஸ்துமஸ் மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. போன மாதம் என் மகள் ரோஜாவோடு போனில் பேசும்போது ஆட்டுக்கறி பிரியாணி போடலாம் என்று சொன்னேன். மாப்பிள்ளை போனை வாங்கி, பிரியாணி இங்கேயும் கிடைக்கிறது மாமா, ஸ்டஃபிங் மட்டும் செய்துவிடுங்கள், அது போதும் என்றார். ஸ்டஃபிங் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது. ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்து, வதக்கிய வெங்காயம், வெண்ணெய், கோழிச் சாறு, முட்டை எல்லாம் சேர்த்து, முழுக் கோழியின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைப்பார்களாம். அந்த ஊர்ப் பண்டிகைச் சாப்பாடு அது. இப்போது கோழி வயிறு இல்லாமலே, ஸ்லோ குக்கர் என்று ஒரு மின்சாரச் சட்டியில் வைத்து நாலு மணி நேரம் வேகவிடுகிறார்கள். அந்தச் சட்டியையும் ரோஜாவே ஆன்லைனில் வாங்கி இங்கே அனுப்பிவிட்டாள். பெயருக்கு ஏற்றபடி அது ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது.

முதல் தடவையாகப் பண்டிகையன்று செய்து, அது சொதப்பி, மாப்பிள்ளை முன்னால் தலைகுனிய வேண்டாம் என்று ஒரு ஒத்திகை பார்க்க முடிவு செய்தேன். எல்லா வினையும் இந்த ஒத்திகையால் வந்ததுதான் சம்பந்தி.

நேற்று முன்தினம் காலை கடைத்தெருவில் தேவநாதன் பேக்கரிக்குப் போய் ஆறு பாக்கெட் ரொட்டி கேட்டேன். நம் பக்கத்தில் ரொட்டி வாங்கினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு பாக்கெட் என்றால் காய்ச்சல், இரண்டு என்றால் டைபாய்டு. ஆறு பாக்கெட்டுக்கு இதுவரை அர்த்தமே கிடையாது. தேவநாதன் முகம் வாடிப்போய், “யாருக்குங்க சார் ஒடம்பு முடியல?” என்றார். நான் இருந்த குஷியில், “ஒடம்புக்கு இல்ல தேவநாதா, வயித்துல அடைக்கிறதுக்கு” என்று சொல்லிவிட்டேன். கோழி வயிற்றில் என்று அடுத்த வார்த்தை சொன்னேன், ஆனால் அந்த நேரம் பார்த்து உள்ளே மாவு பிசையும் மெஷினைப் போட்டுவிட்டார்கள். தேவநாதன் காதில் விழுந்தது ‘வயிறு, அடைப்பு’ இரண்டும்தான். பக்கத்தில் பன் இறக்கிக்கொண்டு நின்ற வேன் டிரைவர் திருமுருகன் உங்கள் தெருக்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ரொட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து, வடகம் போல் காயவைத்தேன். மார்கழிப் பனியில் அது காய்வதற்குப் பதில் இன்னும் ஈரமாயிற்று. திண்டிவனத்துக் காக்கைகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. நான் குடையை வீசிக்கொண்டு மாடியில் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தபோதே கீழே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஏழு பாட்டில் ஹார்லிக்ஸ், மூன்று டஜன் சாத்துக்குடி. அடைப்பு வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆறு மணிக்குச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார், சாகக் கிடப்பவர்களுக்கு நோயில்பூசும் எண்ணெயோடு வந்து நின்றார். நான் கதவைத் திறந்ததும் அவருக்கு ஏமாற்றமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காபி குடித்துவிட்டு, பண்டிகையன்று தனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படிக்கவும்.

நேற்று காலை பத்தரை மணி. ரொட்டிக்குக் கடைசிக் காய்ச்சல் காட்ட நான் மாடியில் இருந்தேன். கீழே லூர்துமேரி முக்கால் கிலோ வெங்காயம் நறுக்கி முடித்து, கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டு இருந்தாள். அப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்த் திறந்தால், கையில் துணிப்பையோடு சம்பந்தியம்மாள் வீரம்மாள் நிற்கிறார்கள். லூர்துமேரியின் கண்ணீரைப் பார்த்ததும் அவர்கள் பையைக் கீழே போட்டுவிட்டு, இவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாமல் இவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள். கேட்டால், அவங்க அவ்ளோ மனசார அழும்போது நான் எப்பிடிங்க சும்மா நிக்கறது என்கிறாள். மூன்று வருடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொட்டது அதுதான் முதல்முறை.

சத்தம் கேட்டு நான் வேட்டியில் மூட்டையாகக் கட்டிய ரொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். சம்பந்தியம்மாள் என்னைப் பார்த்தார்கள். அழுகை நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்கள்.

“உயிரோட இருக்கீங்களாண்ணே?” என்று கேட்டார்கள்.

இருக்கிறேன் என்று சொல்வதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் ‘அண்ணே’ என்று கூப்பிட்டதை நான் அப்புறம்தான் கவனித்தேன். திருமுருகன் முதல்நாள் சாயங்காலம் சொன்னாராம், இருதயராஜ் சாருக்கு அடைப்பு, இன்றோ நாளையோ என்று. நீங்கள் மல்லாட்டை விதை வாங்க வல்லம் போயிருந்தீர்கள். பிள்ளைகளுக்குப் போன் செய்தால் கிளம்பும் நேரத்தில் பயந்துவிடுவார்கள் என்று, யாரிடமும் சொல்லாமல் அவர்களே பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

உடனே கிளம்பப் பார்த்தார்கள். வந்த கால் நிற்காமல் போவது சரியில்லை என்று லூர்துமேரி கையைப் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை சம்பந்தி. நான் பதினொன்றேகாலுக்கு ஸ்லோ குக்கரில் எல்லாவற்றையும் போட்டு மூடினேன். செலரி என்று ஒரு தண்டு போட வேண்டுமாம், கிடைக்கவில்லை, வெங்காயத்தாள் போட்டேன். சேஜ் என்று ஒரு இலைக்குப் பதில் கொல்லையில் இருந்த கற்பூரவள்ளி. ஆவித் தண்ணீர் சொட்டி ரொட்டி நசநசத்துப் போகாமல் இருக்க மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டச் சொல்லியிருந்தாள் ரோஜா, கட்டினேன். மூடியை நடுவில் திறக்கவே கூடாது என்றும் சொல்லியிருந்தாள். லூர்துமேரி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தாள். எத்தனை விசில் வரும் என்று சம்பந்தியம்மாள் கேட்டார்கள். இதற்கு விசிலே கிடையாது என்று சொன்னதும் இரண்டு பேரும் என்னை நம்பாமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒன்றேகாலுக்குக் கரண்ட் போயிற்று. பாதி வெந்தும் வேகாமலும் சட்டி ஆற ஆரம்பித்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பண்டிகையன்று இப்படி ஆனால் மாப்பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பது என்று உண்மையாகவே கலங்கிவிட்டேன். அதுவரை எங்கள் வீட்டில் ஒரு சாமானையும் தொடாமல் மடியில் கையை வைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் எழுந்தார்கள். “பெரிய குண்டானா ஒண்ணு எடுத்தாங்க, சுடுதண்ணி வைங்க” என்றார்கள். உள்ளே இருக்கும் பீங்கான் சட்டியை மட்டும் தூக்கி, இட்லிக் குண்டானில் கொதிக்கவிடாத வெந்நீருக்கு நடுவே இறக்கி, கேஸைச் சிம்மில் வைத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு, மிளகு பத்தாது என்று அவர்களே தட்டிப் போட்டார்கள். கனடாக்காரர்கள் கண்டுபிடித்த நாலு மணி நேரத்தை உங்கள் வீட்டம்மாள் கரண்ட் இல்லாமலே ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

மூன்றேகாலுக்கு மூடியை எடுத்தோம். அந்த வாசனையை எழுத எனக்குத் தமிழ் போதாது. வெண்ணெயும் கற்பூரவள்ளியும் சேர்ந்து, ஓரமெல்லாம் பொன்னிறமாக, நடுவில் மெத்தென்று. லூர்துமேரி மூன்று தட்டில் போட்டாள். போட்டுவிட்டு, தட்டை நீட்டலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தாள். உங்கள் வீட்டார் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும், ஏன் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. போன தடவை பிள்ளைகளை இறக்கிவிட வந்தபோது நீங்கள் காரைவிட்டு இறங்கவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் வெளியே வந்து கூப்பிடவில்லை.

தட்டைக் காட்டி, இது மாப்பிள்ளைக்கு ஏன் பிடிக்கும் என்று சொன்னேன். பிள்ளைகள் கனடா போன முதல் கிறிஸ்துமஸ். வெளியே இடுப்பளவு பனி. இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் வீட்டிலிருந்தும் போன் வரவில்லை. கோபத்தில் நானும் செய்யவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரக் கிழவி கதவைத் தட்டி, இதில் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டது அது ஒன்றுதான். ரோஜா என்னிடம் இதைச் சொன்னதே போன மாதம்தான்.

சம்பந்தியம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கேட்டார்கள்: “எம்புள்ள இதத்தான் துன்னுக்கினு இருந்திச்சா?”

ஆமாம் என்றேன். ஸ்பூன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையாலேயே எடுத்து வாயில் வைத்தார்கள். மெதுவாக மென்றார்கள். பிறகு, உப்பு சரியா இருக்குது என்றார்கள். இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் இந்த வயதில் எதற்கும் அழுவதில்லை, அதனால் அடுப்படியில் இன்னும் வெங்காய நெடி இருந்தது என்று வைத்துக்கொள்ளவும். நாலரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம்.

ஆகவே சம்பந்தி, எனக்கு எந்த அடைப்பும் இல்லை என்பது ஒன்று. சம்பந்தியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கும் சாப்பிட்டதற்கும் அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், அப்படிக் கோபம் இருந்தால் அதை என் பெயருக்கு எழுதி அனுப்பவும் என்பது இரண்டு. மூன்றாவதுதான் முக்கியம். 25ஆம் தேதி மதியம் தாங்கள் அவர்களோடு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். காரைவிட்டு இறங்கி, உள்ளே வந்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வருவீர்களா மாட்டீர்களா என்று யோசித்து யோசித்து ராத்திரி நான் தூங்கவில்லை. வராவிட்டாலும் உங்கள் பங்கு எடுத்துவைக்கப்படும்.

தங்கள் வீட்டில் எல்லா நலமும் பெருகவும், போட்ட விதையெல்லாம் பழுதில்லாமல் முளைக்கவும் வேண்டி, லூர்துமேரியின் வணக்கத்தையும் சேர்த்து அனுப்பும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி
ம. இருதயராஜ்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது நீங்கள். கையில் ஆளுயர ரோஜா மாலை. வல்லத்தில் இருந்த உங்களுக்குத் திருமுருகன் போன் செய்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றே சொல்லிவிட்டாராம். நான் வாசலில் நின்றதைப் பார்த்து நீங்கள் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. கொஞ்ச நேரம் மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வாங்கினத திருப்பி எடுத்துக்கினு போவக் கூடாதுங்க சம்பந்தி” என்று என் கழுத்திலேயே போட்டீர்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணத்துக்கு நாம் இரண்டு பேருமே போகவில்லை. சம்பந்திக்கு சம்பந்தி போட வேண்டிய மாலை இப்போதுதான் விழுந்தது என்று லூர்துமேரி சொல்கிறாள். நேற்று மீந்ததைச் சூடு பண்ணி ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு, நீங்கள் எங்கள் கூடத்தில் பாய் போட்டுத் தூங்குகிறீர்கள். எழுந்ததும் இதை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன், படித்துவிட்டு இங்கேயே கிழித்துப் போடவும். ஏனென்றால், நீங்கள் இங்கே வந்தது வீட்டில் தெரிய வேண்டாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். தான் வந்தது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று சம்பந்தியம்மாளும் பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுத்தான் போனார்கள், அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆகையால் மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. 25ஆம் தேதி இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு முதல்முறையாக வருவதுபோல் வரவும்.