ஒண்டி டீச்சருக்கு ஒரு கையெழுத்து

மூன்று நாள் தன்னோடு தானே ஊர் சுற்றிவிட்டு, தன்னோடு சண்டை போடாமல் திரும்பி வரக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஒண்டி டீச்சர்.

ஜவ்வாது மலை மேல் ஓர் அரசுப் பள்ளி. நான் தமிழ் வாத்தியார், அவர் கணக்கு டீச்சர். தனியாக என்பதை எங்கள் பக்கத்தில் ஒண்டியாக என்போம். லீவு கிடைத்தால் டீச்சர் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்காவது ஒண்டியாகக் கிளம்பிவிடுவார். பெயர் வைத்தது பிள்ளைகள். அது டீச்சருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்று தலைமையாசிரியருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

டீச்சருக்குக் கணவர் இல்லையோ என்று நினைக்க வேண்டாம். கலசப்பாக்கத்தில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். பள்ளிக்கூட மோட்டார் மக்கர் செய்தபோது அவர்தான் மலையேறி வந்து சரிசெய்து கொடுத்தார்.

“வூட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போலாமில்ல டீச்சர்?” என்று கேட்டேன்.

“அவரும் ஒண்டியாத்தான் சார் இருக்காரு, வூட்ல. அவருக்கு அது புடிக்கும்.”

இந்தப் பட்டப்பெயரின் விசேஷம் மலைக்காரர்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. “புளி உலுக்க நாங்களும் ஒண்டியாத்தான் காட்டுக்குப் போறோம். எங்களுக்கு யாரும் பேரு வெக்கலியே?” என்று ஒரு மாணவியின் அம்மா என்னிடம் நியாயம் கேட்டார்.

ஒருமுறை ஆசிரியர்கள் எல்லோரும் வேன் பிடித்து ஏலகிரி போனோம். டீச்சரும் வருவதாகச் சொன்னார், ஆனால் பஸ்ஸில். ஒரு சாருக்கு மாத்திரை, இன்னொரு சாருக்கு மச்சான் என்று வழியில் ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. டீச்சர் படகு சவாரி முடித்து, சாப்பிட்டு, திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். “டூர் நல்லா இருந்துச்சி சார்” என்றார். நாங்கள் அப்போதுதான் வேனை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம்.

ஒண்டியாகப் போவதற்கு அவரிடம் சட்டதிட்டங்கள் இருந்தன. பை ஒன்றுதான், அதுவும் கக்கூஸுக்குள் கூடவே எடுத்துப் போகிற அளவு. பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாதல்லவா! ஓட்டலில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் மூக்குக் கண்ணாடியை இலைமேல் வைத்துவிட்டு எழ வேண்டும். “கண்ணாடிய எவனும் தூக்கிப் போட மாட்டான் சார். வெறும் இலைன்னா நாம திரும்பறதுக்குள்ள தொடச்சி வுட்டுடுவான்.”

லாட்ஜில் அறைக்கு வெளியே போடுவதற்கென்று ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பும் வைத்திருந்தார். பத்தாம் நம்பர். ஒரு கோயில் ஊரில் அதை யாரோ திருடிவிட்டார்கள். டீச்சர் சும்மா விடுவாரா? நேரே கீழே போய் மேனேஜரிடம் புகார் சொன்னார்.

“உங்க வூட்டுக்காரர் செருப்பாம்மா?”

“ஆமா.”

“அவர வரச் சொல்லுங்க, கேட்டு எழுதிக்கறேன்.”

“செருப்பு இல்லாம எப்டிங்க வருவாரு?”

மேனேஜர் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாராம்.

“அப்படி என்னதான் இருக்கு டீச்சர் ஒண்டியாப் போறதுல?” என்று ஒரு நாள் விடாமல் கேட்டேன். விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னார். “இங்க நாப்பது புள்ளைங்க டீச்சர் டீச்சர்ன்னுது. வூட்டுக்குப் போனா அவரு இந்தாமேன்றாரு. பஸ்ல ஏறி உக்காந்தா நான் யாருன்னு யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் கழிச்சி எனக்கே தெரியாது. அது நல்லாருக்கும் சார்.”

எனக்கு அது திகிலாக இருந்தது. என் கதை வேறு. கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன், பின்னால் மனைவி, மலைக்கு வந்தபின் சக ஆசிரியர்கள் என்று யாராவது கூட இல்லாமல் நான் போளூரைத் தாண்டியதில்லை. நாற்பத்தேழு வயதில் இதை வெளியே சொல்ல முடியாது. டீச்சருக்கு மட்டும் தெரியும்.

போன மழைக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை காலை பிரேயருக்கு முன்னால், டீச்சரிடமிருந்து போன் வந்தது. எங்கள் பள்ளியில் சிக்னல் விட்டுவிட்டு வரும், நிலையாகக் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேல்தான். ஏறினேன்.

“சார், பதறாம கேளுங்க. கால் ஒடஞ்சிடுச்சி.”

“ஐயோ! யார் கால்?”

“ஒண்டியா வந்தா யார் கால் சார் ஒடையும்?”

தரங்கம்பாடி போனவர் கடற்கரைப் பாறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

“கணுக்கால்ல பிளேட் வெக்கணுமாம். கூட வந்தவங்க கையெழுத்துப் போடணும்ன்றாங்க. யாரும் கூட வர்லன்னு சொன்னா, அப்போ கையெழுத்து யாரு போடறதுன்னு என்னையே கேக்கறாங்க. காலும் என்னுது, கையும் என்னுது, நானே போடறேன்னா ஒத்துக்க மாட்டேன்றாங்க.”

“வூட்டுக்காரருக்குச் சொல்லி உடனே...”

“அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க! வூட்டுக்குப் போய் நானே ஏதாச்சும் சொல்லி சமாளிச்சிக்கறேன். இப்ப தெரிஞ்சா அடுத்த வாட்டி நானும் கூட வர்றேம்பாரு. நல்ல மனுஷன், வேணாம்னு சொல்லவும் முடியாது. அதோட நான் எங்கயும் போன மாதிரிதான்.”

கால் உடைந்ததைச் சொன்னபோது இல்லாத நடுக்கம் இதைச் சொல்லும்போது இருந்தது. “நீங்க வாங்க சார். யாரையும் கூட்டிட்டு வராதீங்க” என்றார்.

ஐந்து பஸ். போளூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், தரங்கம்பாடி. ஒரு பை போதும் என்று தெரிந்தும் பயத்தில் இரண்டு பை எடுத்துப் போயிருந்தேன். விளைவு, மலையில் ஆரம்பித்த அவசரத்தை விழுப்புரம் வரை அடக்கிக்கொண்டு போனேன். சிதம்பரம் ஓட்டலில் தண்ணீர் எடுக்க எழுந்து திரும்புவதற்குள் பாதிச் சாப்பாட்டோடு இலை போய்விட்டது. அதன்பின் சீர்காழியை நெருங்கும்போது, வெகுநேரமாக என்னிடம் யாரும் பேசவில்லை, எனக்கும் அது உறைக்கவில்லை என்பது திடீரென்று தெரிந்தது. உடனே பயந்துபோய்ப் பக்கத்து சீட்காரரிடம் மணி கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஃபாரத்தை நீட்டினார்கள். அதில், ‘நோயாளிக்கு என்ன உறவு?’ என்று ஒரு கட்டம். கட்டிலில் இருந்தபடியே டீச்சர் கட்டளையிட்டார். “கூட வேல செய்றவர்னு எழுதுங்க. கூட வந்தவர்னு எழுதிடாதீங்க.”

மறுநாள் காலை ஆபரேஷன். உள்ளே கொண்டுபோனதும் எதிர்டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சரின் கணவர்.

“உள்ள போய்ட்டாளா சார்?”

எப்படித் தெரிந்தது என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார். “தெனம் சாயந்தரம் போன் பண்ணி ‘சாப்ட்டேன்’னு ஒரு வார்த்த சொல்லுவா, வெச்சிடுவா. ரெண்டு நாளா ‘நல்லாருக்கேன்’னு சேத்து சொல்றா. நல்லாருந்தா அதெல்லாம் சொல்ற ஆளில்ல சார் அவ. நேத்து ஸ்கூலுக்குப் போன் போட்டேன், ஹெட்மாஸ்டர் சொன்னாரு.”

“அப்ப நீங்களே வந்து கையெழுத்துப் போட்டிருக்கலாமே?”

“அவ உங்களத்தான கூப்ட்டா? நான் வந்தது தெரிய வாணாம் சார். தெரிஞ்சா அடுத்த வாட்டி கெளம்பறப்ப யோசிப்பா.”

மூன்று நாள் அவர் அந்த பெஞ்சில் இருந்தார். அவர் வாங்கித் தருவதை நான் வாங்கியதாக மேலே கொண்டுபோவேன். தேங்காய்ச் சட்னி வேண்டாம், பொட்டுக்கடலைச் சட்னி. காபியில் அரைச் சர்க்கரை. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், சாப்பிட்டுவிடுவார்.

டிஸ்சார்ஜ் அன்று கார் பிடித்தோம். நான் முன்சீட்டில் கை வைத்ததும், “நீங்க பஸ்ல வாங்க சார்” என்று டீச்சர் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒண்டியாகப் போய்விட்டார். நானும் அவர் கணவரும் பஸ் ஏறினோம். துணை கிடைத்த நிம்மதியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கூச்சத்தோடு எழுந்தார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தாண்ட ஜன்னல் ஓரமா உக்காந்துக்கறேன். வர்றப்ப அப்டித்தான் வந்தேன். நல்லாத்தான் கீது.”

கால் கூடிவர நான்கு மாதம் ஆயிற்று. மூன்று நாள் லீவு ஒன்று வந்தது. பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த டீச்சரிடம், மனசு கேட்காமல், “ஒரு விஷயம் உங்ககிட்ட மறைச்சிட்டேன்” என்று ஆரம்பித்தேன்.

“டீக்கட பெஞ்சா? என் கட்டிலுக்கு நேரா ஜன்னல் சார். மூணு நாளும் பாத்துட்டுத்தான் இருந்தேன். டீ குடிக்கறாரு, ரோட்டப் பாக்கறாரு, பேப்பர் படிக்கறாரு. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல அந்த மனுஷன் சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல. கூப்ட்டா கெட்டுடும்னு வுட்டுட்டேன்.”

பஸ் வந்தது. லேசாகச் சாய்ந்து சாய்ந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். வழியனுப்ப யாரும் வரக்கூடாது என்பது டீச்சரின் கண்டிப்பு. அதனால் நான் வழியனுப்பவில்லை. பஸ் கடைசி வளைவில் மறையும்வரை ரோட்டோரம் சும்மா நின்றிருந்தேன், அவ்வளவுதான்.