ஜீப்பில் இரண்டு தட்டு

இப்போதெல்லாம் அலுவலகப் பிள்ளைகள் கணினியில் ஒரு விசையை அமுக்கினால் அடுத்த படம் வருகிறது, இன்னொன்றை அமுக்கினால் முந்தைய படம் வருகிறது. அதற்குக் குறுக்குவழி என்று பெயர் வைத்து, தெரிந்தவனைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். இதே வேலையை எண்பதுகளில் போடி மலையில் நான் ஒரு குச்சியை வைத்துச் செய்தேன். எனக்குக் கிடைத்தது மெமோ. (எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.)

அப்போது நான் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று போடியில் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் கறாராகச் சொல்லியிருந்தார். அவருடைய மலைத்தோட்டத்திலேயே விவசாயிகளைக் கூட்டி, ஏலக்காயைச் சொறிக்காயாக்கும் இலைப்பேனைப் பற்றி ஸ்லைடு படம் காட்ட ஏற்பாடாயிற்று. மதுரையிலிருந்து மேனேஜர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் நிரந்தர உத்தரவு கையில்.

புரொஜெக்டரை இயக்குவது உதவியாளர் பாண்டி. அவன் ஒரு கோடியில், நான் திரைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறையும் "அடுத்த படம் போடு" என்று நான் கத்துவது மேனேஜருக்குப் பிடிக்காது. சந்தையில் கூவுவது போல இருக்கிறதாம், நேரமும் வீணாம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். குச்சியால் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த படம், இரண்டு தட்டினால் முந்தைய படம். லாட்ஜ் அறையில் ஒத்திகை கூடப் பார்த்தோம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

மலையில் திரை கட்ட இடமில்லை. தோட்டத்து ஜீப்பின் பின்பக்கத்தில் ஒரு வேட்டியை இழுத்துக் கட்டினோம். ஈரமண்ணில் குச்சி சத்தம் எழுப்பவில்லை, ஆகவே ஜீப்பின் தகரத்திலேயே தட்டுவது என்று முடிவு. டிரைவர் சின்னச்சாமி பனிக்குப் பயந்து, உள்ளே தலையோடு போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

பொழுது மசங்கியதும் ஆரம்பித்தோம். ஒரு தட்டு, ஒரு படம். மேனேஜர் முகம் மலர்ந்தது. வருங்கால மாமனார் முன்வரிசையில் தலையாட்டினார். திரை முழுக்க இலைப்பேன் வந்து போனது. அந்தப் பூச்சியை இன்னொரு தரம் காட்டச் சொன்னார் மேனேஜர். நான் கம்பீரமாக இரண்டு தட்டுத் தட்டினேன்.

அந்த மலைப்பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, மூட்டையும் ஆளும் மறைத்திருக்கும். பின்னால் தொங்குகிறவர் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். அதற்கே பழகிப்போன சின்னச்சாமி, அரைத்தூக்கத்தில் சாவியைத் திருகிக் கிளம்பிவிட்டார். வேட்டி படபடக்க, என் நிரந்தர வேலை சரிவில் இறங்கிப் போனது.

பாண்டி சொன்ன சொல் தவறாதவன், சரியாக அந்தப் பூச்சியையே திரும்பப் போட்டான். திரைதான் இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குறுக்கே ஓடிய மேனேஜரின் வெள்ளைச் சட்டை முழுக்க இலைப்பேன்.

"இப்பத்தாம்ப்பா பூச்சி துலக்கமாத் தெரியுது" என்றார் கூட்டத்தில் ஒருவர். கைதட்டல் வேறு.

நான் விரட்டிப் போய், ஜீப்பை எட்டிப் பிடித்து, பதற்றத்தில் மறுபடி தட்டினேன். எத்தனை தட்டு என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி வேகமெடுத்தது.

வளைவில் ஒருவழியாக நிறுத்தித் திரும்பக் கொண்டுவந்தோம். சின்னச்சாமி எல்லார் முன்னாலும் நியாயம் கேட்டார்.

"ரெண்டு தட்டுத் தட்டுனீக, எடுத்தேன். மறுக்கா ரெண்டு தட்டுத் தட்டுனீக, வெரசாப் போகச் சொல்றீகன்னு மிதிச்சேன். எம்மேல என்ன தப்பு?"

"அவன் சோலிய அவன் சரியாத்தானய்யா பாத்திருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னது யார்? எனக்குப் பெண் தர வேண்டியவர்! தூங்கியவருக்குப் பாராட்டு, விழித்திருந்தவனுக்கு மெமோ. இதெல்லாம் ஒரு நியாயமா? நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப் போனது, கூடவே கல்யாணமும்.

ஒருவழியாகத் தாலி கட்டி, மண்டபத்திலிருந்து கிளம்பும்போது, காரில் எனக்குப் பக்கத்தில் மாமனாரும் ஏறி உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கைய மடியில வச்சுக்கங்க மாப்ளே. வண்டி எப்பக் கெளம்பணும்னு நாங்க சொல்றோம்."

வாசலே சிரித்தது. என் மனைவி வாய்விட்டுச் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான், அதுவும் என்னைப் பார்த்து. இன்றைக்கும் குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், எல்லாரும் ஏறியாச்சா என்று என் வீட்டில் யாரும் கேட்பதில்லை. "அப்பா கை எங்க இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.