பின்சீற் காணாமல் போன கார்ப் பந்தயம்

சீதனமாகக் கார் கொண்டுவந்த பெண்ணுக்குச் சந்தேகமும் இரட்டிப்பாக இருக்கும். கணவன் எங்கே போகிறார் என்பது ஒன்று. கார் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் முதலில் வந்தது.

அறுபதுகளில் திருகோணமலையில் வருஷா வருஷம் ஒரு கார்ப் பந்தயம் நடக்கும். உலக யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப்போன பழைய விமான ஓடுபாதையில், துறைமுகத்தில் வேலைபார்ப்பவர்கள் தங்கள் வீட்டுக் கார்களையே ஓட்டுவார்கள். ஒரேயொரு விதி: தெருவில் ஓடுகிற கார் அப்படியே வர வேண்டும், ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. விதி எனக்கும் தெரியும். (தெரிந்து என்ன, மூளை அந்தப் பக்கமே போகவில்லை.)

கலியாணமாகி முதல் வருஷம் இவரும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். பந்தயம் நெருங்க நெருங்க எங்கள் பச்சைக் காரிலிருந்து சாமான்கள் காணாமல் போயின. முதலில் கால்விரிப்பு. பிறகு ஸ்பெயர் சில்லு. கடைசியில் பின்சீற்றே போய்விட்டது! அந்த இடத்தில் பலகைப் பெட்டி ஒன்றை வைத்து, என்னுடைய படுக்கை விரிப்பால் மூடியிருந்தார் இவர்.

"பின்சீற் எங்கை?"

"தைக்கக் குடுத்தனான்," என்றார், என் முகத்தைப் பாராமல்.

கிழியாத சீற்றை யாராவது தைக்கக் கொடுப்பார்களா? விரிக்க ஒரு விரிப்பு, சாய்ந்திருக்க ஒரு மெத்தை. யாரோ ஒருத்தியின் வீட்டை நிரப்புகிறார்! சில்லு மட்டும்தான் உதைத்தது. கறி தாளிக்கும்போது அதுவும் விளங்கிவிட்டது: கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் ஊஞ்சல்! அப்படியென்றால் பிள்ளையும் இருக்கிறது. பின்னேரங்களில் தம்பலகாமம் ரோட்டால் போய்வருகிறாரே, அவள் அங்கேதான் இருக்க வேண்டும். கறி அடிப்பிடித்தது. குசினியிலேயே நின்று அழுதேன்.

பந்தயத்தன்று, லிங்கநகரில் அப்பா வீட்டுக்கே போய்விடுவதென்று உடுப்புப் பெட்டியைக் கட்டினேன். போகமுதல் ஊரார் முன்னால் நாலு வார்த்தை கேட்க வேண்டாமா? பக்கத்து வீட்டு ரஹீமாவோடு ஓடுபாதைக்குப் போனேன். அவளுடைய கணவரும் பந்தயத்தில் இருந்தார். கார்கள் உறுமிக்கொண்டு நின்றன. நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். நான் பெட்டியோடு குறுக்கே போய், எங்கள் காரின் பின்கதவைத் திறந்து விரிப்பை இழுத்தேன்.

"என்ரை சீற்றிலை இப்ப ஆர் இருக்கிறாள்? சொல்லுங்கோ!"

"ஐயோ, மெல்லக் கதையும்! பாரம் குறைஞ்சா வேகமா ஓடும், அதுக்குத்தான் கழட்டினனான். ஒருத்தியும் இல்லை!"

மெல்லக் கதைக்கச் சொல்லி அவர் கத்தியதே நடுவருக்குக் கேட்டுவிட்டது. அதற்குள் ரஹீமா தன் கணவரின் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள இது, எங்கட சீற்றையும் காணல்லயே! இவரும் தைக்கக் குடுத்ததெண்டுதான் சொன்னவர்!"

பிறகு ஒவ்வொரு காராகக் கதவு திறந்தது. ஒன்றிலும் பின்சீற் இல்லை. எல்லாம் தம்பலகாமம் ரோட்டில் ஒரே ரயர் கடையின் பின்வளவில் கிடந்தனவாம். நடுவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அடுத்த வருஷம் ஒருவர் காரை இன்னொருவர் நம்பவில்லை. பந்தயம் அத்தோடு சரி. பெற்றோல் விலை, ஓடுபாதையில் வெடிப்பு என்று ஊரில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

பெட்டியோடு வீட்டுக்கே திரும்பினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒருத்தியும் இல்லை என்ற சந்தோஷத்தில் வழியெல்லாம் அழுதேன். அன்றிரவு தம்பலகாமத்துக்காரி, பிள்ளை, ஊஞ்சல் எல்லாவற்றையும் இவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

மகள் பிறந்து நடக்கத் தொடங்கியதும், அந்தச் சில்லையே கயிற்றில் கட்டி மாமரத்தில் ஊஞ்சல் போட்டார். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மகளைக் காட்டி, "இதுதான் அந்தத் தம்பலகாமத்துப் பிள்ளை" என்பார். கதை தெரியாதவர்கள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.