சம்மதம் சொன்ன மாடுகள்

சாவத்தி நகருக்குத் தெற்கே எங்கள் ஊரில் மாடுகளுக்குச் சொர்க்கம் போகும் ஆசை வந்த ஆண்டு அது. மழை பொய்த்திருந்தது. யாகம் செய்யப் புரோகிதர் அக்கிதத்தர் வந்திறங்கினார். அவர் கேட்டால் பலி மாடே சம்மதம் சொல்லுமாம். பார்க்க மூன்று ஊர்க் கூட்டம் மூங்கில் வேலியைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

மந்திரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காததால் பக்தி கூடியது. மந்திரம் முடிந்ததும் தர்ப்பையால் மாட்டின் காதில் தண்ணீர் தெளிப்பார். மாடு தலையை உதறும். "சம்மதம்" என்பார். இப்படி நான்கு மாடுகள் சொர்க்கம் போயின. தோலும் தொடைக்கறியும் மட்டும் அக்கிதத்தரின் வண்டிக்குப் போயின.

ஐந்தாவது, உத்தியனின் உழவு மாடு. ஜோடி மாடு கோடையிலேயே செத்திருந்தது. இதுவும் தலையை உதறியது.

"சாமி, இது போனா நான் எதை வச்சு உழுவேன்?"

"மாடே சரின்னுடுச்சு. நடுவுல நீ யாருடா?"

பிச்சைக்கு வந்திருந்த பௌத்தப் பிக்குணி மெத்திகா வேலிக்குள் நுழைந்தாள். மொட்டைத் தலை, ஒட்டுப்போட்ட காவித்துணி. முன்பு சாராயம் காய்ச்சியவள். எங்கள் பேச்சையே பேசுவாள்.

"ஐயா, தலையாட்டினா சம்மதமா?"

"வேதம் சொல்லுது."

"யாரு ஆட்டினாலுமா?"

"யாரு ஆட்டினாலும்தான்" என்றார் அவர், கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று.

மெத்திகா தர்ப்பையை எடுத்து நனைத்து அவர் காதிலேயே தெளித்தாள். அக்கிதத்தர் தலையை உதறினார். குடுமி அவிழ்ந்தது.

"ஐயாவும் சரின்னுட்டார்."

பலி மாடுகளைக் கட்டி இழுக்கும் கயிற்றுக்காரன் பழக்கதோஷத்தில் ஓரடி முன்னால் வந்தான்.

"டேய், காதுல தண்ணி போச்சுன்னு ஆட்டினேன்டா."

உத்தியன் மெதுவாகச் சொன்னான்: "என் மாடும் அதுக்குத்தான் ஆட்டுச்சு, சாமி."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு மூன்று ஊரும் சிரித்தது. அக்கிதத்தர் குடுமியை முடியக்கூட நிற்காமல் வண்டியேறினார். உத்தியன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

கூட்டம் மெத்திகாவைச் சூழ்ந்தது.

"அம்மா, உங்க யாகத்துக்கு என்ன கொண்டு வரணும்?"

"ஒண்ணும் வேணாம். கொல்லாதீங்க, பொய் சொல்லாதீங்க. அதுக்கு நெய் எதுக்கு?"

"சூத்திரங்க நாங்க இதையெல்லாம் கேக்கலாமா?"

"காது இருக்குல்ல, கேளுங்க."

அதற்குள் ஊர்த்தலைவர் குனிந்து நின்றார். "தாயே, அந்தத் தண்ணியை என் மேலயும் கொஞ்சம் தெளிங்க. மகிமை உள்ள தண்ணி."

மெத்திகா தர்ப்பையைக் கீழே போட்டாள்.

"இது உங்க குளத்துத் தண்ணி, ஐயா. நான் சொல்றதையும் கேள்வி கேட்டுட்டு நம்புங்க. மாடுதான் வாயில்லா ஜீவன். உங்களுக்கு என்ன வந்துச்சு?"