ஏரியல் பிடித்த அமீர் பாஷா

இருபத்தொன்பதாவது நோன்பு திறக்கச் சற்று நேரமே இருந்தது. ஆம்பூர் பஜாரில் டெய்லர் அமீர் பாஷா தன் கடை வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது மேகம்.

ஊரே பிறை தெரிய வேண்டும் என்று தவிக்கும்போது இந்த ஒரு மனிதர் மட்டும் மேகத்துக்கு ஆசைப்படக் காரணம் இருந்தது. தோல் பதனிடும் ஷாப் முதலாளி அப்துல் வஹாப் சாகிபின் வீட்டிலிருந்து ஷேர்வானிக்குத் துணி வந்து வெகு நாளாகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம், "பொத்தான் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லி வந்தார். உண்மையில் தயாராக இருந்தது பொத்தான் மட்டும்தான். துணியில் இன்னும் கத்தரிக்கோல் படவில்லை.

பிறை இன்று தெரியாவிட்டால் நோன்பு முப்பது. ஒரு முழு இரவும் பகலும் கிடைக்கும். தெரிந்துவிட்டால் விடிந்ததும் பெருநாள், சாகிபுக்குப் புது உடுப்பு இல்லை. தோல் ஷாப் ஆட்கள் அத்தனை பேருக்கும் பெருநாள் சட்டை தைக்கும் வேலை சாகிபின் தயவில் வருவது. அந்தத் தயவு போனால் அமீர் பாஷாவின் கடையும் போன மாதிரிதான்.

நல்லவேளையாக மேகம் திரண்டு வந்தது. அமீர் பாஷாவுக்கு மூச்சும் வந்தது. அந்த மூச்சைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் சாகிபின் டிரைவர் ஹபீப் வந்தான்.

"பாய், நோன்பு தொறந்துட்டு எல்லாரையும் ஊட்டுக்கு வரச் சொல்றாரு சாகிப். ரேடியோ கேக்கறதுக்கு."

"இன்னிக்கு இன்னா ரேடியோ?"

"மெட்ராஸ்ல பெருநாள் பாட்டு வெக்கிறாங்க பாய்! பிறை தெரிஞ்சா இன்னிக்கே, இல்லாட்டி நாளைக்கு. இங்க மேகம் மூடினா இன்னா? பாட்டு வந்துச்சுன்னா அங்க பாத்துட்டாங்கன்னு அர்த்தம். ஆனா ரேடியோ சாட்சி ஆவாது. ஒடனே நான் காரை எடுத்துக்கினு வேலூர் போயி, அங்க பிறை பாத்தவங்களைச் சாட்சிக்குக் கூட்டியாரணும்."

மெட்ராஸ் ரேடியோ நிலையம் திறந்து ஐந்தாறு மாதம்தான் ஆகியிருந்தது. சாகிப் ரேடியோ பெட்டி வாங்கியதே இந்தப் பெருநாள் பாட்டுக்காகத்தான். அமீர் பாஷா அந்த நிலையத்தைத் திறந்தவர்களை மனதுக்குள் திட்டினார். நோன்பு நேரம் என்று நினைவு வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் சாகிப் வீட்டுக்குப் போய் ரேடியோவை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் பின்னால் ஒரு கம்பி செருகியிருந்தது. அது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. முதுகைச் சொறிவதுபோலக் கையை விட்டு இழுத்தார்.

அதுவரை மெட்ராஸிலிருந்து யாரோ பேசிக்கொண்டிருந்தார். இப்போது பெட்டிக்குள் இரைச்சலாக அடைமழை பெய்தது.

"இன்னாய்யா இது பேஜாரு!" என்றார் சாகிப். "கூப்பிடு சாமிநாதனை!"

தோல் ஷாப்பில் இஞ்சின் ஓட்டும் சாமிநாதன் வந்து, பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தான். "மாடிக் கம்பத்துலேர்ந்து வர்ற ஏரியல் கம்பி வெளிய வந்துடுச்சு சாகிப். யாரோ இழுத்திருக்காங்க."

அமீர் பாஷா முந்திக்கொண்டார். "யாரு இழுப்பாங்க? மாடியில கம்பம் சாஞ்சிருக்கும், அதான் இழுத்துக்கிச்சு. நான் போயி பாக்கறேன்" என்று எழுந்து ஓடினார்.

மாடியில் மூங்கில் கம்பம் நட்டுவைத்தது நட்டுவைத்தபடி நிமிர்ந்து நின்றது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே! கட்டை அவிழ்த்துச் சாய்த்தார். அது அவர் தோள்மேலேயே சாய்ந்தது.

"சாஞ்சுதான் போச்சு சாகிப்!" என்று கீழே பார்த்துக் கத்தினார். "இனிமே நாளைக்குத்தான் கட்டணும்!"

"நாளைக்கா? பாட்டு முடிஞ்சுடும்யா! நீயே தூக்கிப் பிடி!"

சாமிநாதன் கீழே கம்பியைச் செருகினான். அமீர் பாஷா கம்பத்தைத் தூக்கினால் மெட்ராஸ் பேசியது. கொஞ்சம் இறக்கினால் மழை பெய்தது. ஆகவே இறக்கினார்.

"ஒசரம் பத்தல பாய்!" என்று சாமிநாதன் கத்தினான். ஹபீப் ஒரு மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதுவும் பத்தாது என்று மேஜைமேல் ஒரு ஸ்டூலை வைத்தான். கம்பத்தைக் கீழே இறக்க நினைத்த மனிதரை இப்படியாக ஆம்பூரிலேயே உயரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

அங்கே நின்றபடி மேற்கே பார்த்தார். புளியமரங்களுக்கு மேலே மேகம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில், வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி, பிறை.

ஊரில் வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டால் கடை பிழைக்கும். அமீர் பாஷா வாயை மூடித்தான் பார்த்தார். இருபத்தொன்பது நாள் பச்சைத்தண்ணீர் படாமல் காத்த வாய் அது. ஒரு ஷேர்வானிக்காக அதில் பொய்யை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

"சாந்த்! சாந்த் தெரியுது!" என்று கத்தி, இரண்டு கையாலும் கம்பத்தை ஓங்கித் தூக்கினார்.

அதே நேரம் கீழே ரேடியோவில் பெருநாள் பாட்டு கணீரென்று கிளம்பியது. கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவந்து பிறையைப் பார்த்தார்கள். "சாந்த் முபாரக்! சாந்த் முபாரக்!"

கம்பத்தை ஹபீபிடம் கொடுத்துவிட்டு இறங்கிய அமீர் பாஷாவைச் சாகிப் தழுவிக்கொண்டார். "ஊருக்கே மொதல்ல பாத்தவன் நீதான்யா! நாளைக்கு நீ தைச்ச ஷேர்வானியைப் போட்டுக்கினு, உன்னையும் கார்ல வெச்சுக்கினு ஈத்கா மைதானத்துக்குத் தொழப் போறேன்!"

அமீர் பாஷாவால் இதற்குமேல் தாங்க முடியவில்லை. "சாகிப், என்னை மன்னிச்சுடுங்க. நீங்க குடுத்த துணி இன்னும் துணியாவேதான் இருக்குது."

சாகிபின் முகம் சிவந்தது.

படிக்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து சாகிபின் மனைவி ஹலீமா பீயின் குரல் வந்தது.

"எதுக்கு அழுவுறீங்க அமீர் பாய்? போன பெருநாள் முடிஞ்சு பத்து நாள் கழிச்சுக் கொண்டாந்தீங்களே, அந்த ஷேர்வானி பீரோவுல மடிப்புக் கலையாம இருக்குது, நாளைக்கு அதைத்தான் போடப்போறாரு. இப்போ உங்ககிட்ட குடுத்திருக்கிறது அடுத்த வருஷத்துக்கு!"