இன்னும் இருக்கிறீர்களா?

'இன்னும் இருக்கிறீர்களா?' என்று மடிக்கணினித் திரை கேட்டது.

மோகனசுந்தரம் ஓடி வந்து 'ஆம்' என்ற கட்டத்தை அமுக்கினார். இருப்பது அவர்தான். ஆனால் கேள்வி அவர் மனைவி மருதாத்தாளுக்கு. அவள் போய்ப் பத்து நாளாகிறது.

அது அவள் டைரி எழுதி வந்த இணையப் பக்கம். கால் மணி நேரம் யாரும் அசைக்காவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்கக் கடவுச்சொல் வேண்டும். அது அவளோடு போய்விட்டது.

அவள் சமையலறையில் சரிந்த நாளிலிருந்து அது பூட்டாமலே இருந்ததற்குக் காரணம் உண்டு. மவுசுக்கு அடியில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். கீழே விநாடி முள் ஓட, மேலே யாரோ கையை அசைப்பதாக மவுசு நம்பிக்கொண்டிருந்தது. கால் மணிக்கொரு தரம் "காப்பி!" என்று கூப்பிடுகிற புருஷன் வாய்த்தால் இப்படியெல்லாம் கண்டுபிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மோகனசுந்தரம் அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் பலகையில் இன்னும் சூப்பிரண்டுதான். "வாட்சு வெக்கற எடமா இது?" என்று அதை உருவித் தங்கை சின்னத்தாயியிடம் கொடுத்தார். அவள் மகள் அதைக் கட்டிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறியதும் திரை முதல் தடவையாக வாய் திறந்தது.

கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிஞ்சுவுக்குப் போன் போட்டார். மருதாத்தாளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தது அவள்தான். ஊரில் தாமே கற்றுக்கொடுத்ததாக அவர் சொல்லி வந்தார்.

"பிரெண்டு ஒருத்தரு கேக்கறாரு. பாஸ்வேர்டு இல்லாமத் தொறக்க வழியிருக்குதா?"

"போன் நம்பருக்கு ஒரு கோடு வரும் சார். அத அடிச்சாப் போதும்."

மருதாத்தாளின் அந்த நம்பரை அவள் போன மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்து ரத்து செய்திருந்தார். காரியம் தேங்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

டைரியில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம். பிறரிடம் காட்டி நகலெடுக்கவும் வழியில்லை. மூன்றாம் பக்கத்திலேயே அவர் குறட்டை வந்துவிட்டது. ஒரே மூச்சில் படித்திருக்கலாம்தான். படித்து முடித்தால் அப்புறம் அவள் சொல்ல எதுவும் பாக்கி இருக்காதே! தினம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டார்.

ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இன்று எனக்குப் பிறந்த நாள். பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். பால் மிச்சமிருந்தது என்றேன்.'

அந்தப் பக்கத்தை மட்டும் மோகனசுந்தரம், மேலே இருந்த தேதியைக்கூடப் பார்க்காமல், கண்ணை ஓரமாக வைத்துக்கொண்டு கடந்தார்.

"ஏனுங்ணா, சோறு திங்காம, ராத்திரி தூங்காம எந்நேரமும் அதும் முன்னாலயே உக்காந்திருக்கறீங்க?" என்றாள் சின்னத்தாயி.

"ஆபீஸ் வேலை."

"ரிட்டயர்டாயி ஆறு வருசமாச்சுங்களே?"

"பெண்டிங்கு."

பதினாறாம் நாள் பேரூருக்குப் போய்க் காரியம் செய்தாக வேண்டும். போக, வர, முழுப் பகல்.

முதலில் மவுசை நூலால் மேஜை விசிறியோடு கட்டிப் பார்த்தார். விசிறி தலையைத் திருப்பியது; மவுசு மேஜையிலிருந்து குதித்து எதையோ அமுக்கியது. 'இப்பக்கத்தை அழிக்கவா?' என்றது திரை. மோகனசுந்தரம் பழக்க தோஷத்தில் 'ஆம்' என்றார்.

அழிந்தது, மறுநாள் படிக்க வேண்டிய பக்கம்.

பிரிவு உபசார விழாவில் மாலை மரியாதையோடு தமக்குக் கிடைத்த கைக்கடிகாரத்தைத் தேடி எடுத்தார். அதுவும் ஓய்வு பெற்றிருந்தது. கடைசியில் சுவர்க் கடிகாரத்தை ஆணியிலிருந்து இறக்கி, மேஜையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மவுசை மேலே ஏற்றினார். அரை மணி நேரம் பார்த்தார். திரை கேள்வியே கேட்கவில்லை.

பேரூரில் ஐயர் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்தார். ஆற்றில் இறங்கும்போது மட்டும் மணி என்ன என்று இரண்டு தரம் கேட்டார்.

திரும்பி வந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது. கடிகாரம் சுவரில் தொங்கியது.

"எறங்கின கடியாரம் ஊட்டுக்கு ஆகாதுங்ணா. நாந்தான் தொடச்சு மாட்டுனேன்."

திரையில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம். 'கடவுச்சொல்லை இடுக.'

மோகனசுந்தரம் தங்கையைத் திட்டவில்லை. காரியத்துக்குக் கட்டிய வேட்டியைக்கூட மாற்றாமல் மடிக்கணினியைக் குழந்தைபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சிஞ்சுவின் கடைக்குப் போனார்.

"பிரெண்டுக்கில்ல, சிஞ்சு. எனக்குத்தான்." மடிக்கணினியை மேஜைமேல் வைத்தார். "மருதாத்தா உள்ள இருக்கறா. எப்படியாவது தொறந்து குடும்மா."

சிஞ்சு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இதுக்கா சார் அழறீங்க? ஆன்டி இங்கதான் உக்காந்து பாஸ்வேர்டு போட்டாங்க. நான் பாக்காமத் திரும்பிக்கிட்டேன். 'என் பொறந்த நாளையே வெச்சுட்டேன், அவருக்கு வேணும்னாலும் தொறந்துக்கட்டும்'னு சிரிச்சாங்க. ரேசன் கார்டு, ஆதார் கார்டுல எல்லாம் நீங்க எழுதிக் குடுத்த ஜனவரி ஒண்ணு இல்லையாம், நெசமாப் பொறந்த நாளாம். சொல்லுங்க சார், அடிக்கறேன்."